டிப்பர் தெறித்த கல்லும் காரின் முன் கண்ணாடியும்

முக்கால் ஜல்லி எனும் 20 மில்லிமீட்டர் கல் ஒன்று ஏறக்குறைய பதினோரு கிராம் இருக்கும். அரை ஜல்லி எனும் 12 மில்லிமீட்டர் கல் இரண்டரை கிராம்கூடத் தேறாது. இத்தனூண்டு கல்லுக்கு முன் கண்ணாடியைப் பிளக்கும் பலம் பெரும்பாலும் நம் காரின் வேகத்திலிருந்துதான் வருகிறது. கல் சாலையில் துள்ளி ஒரு கணம் அந்தரத்தில் நின்றால் போதும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போய் முட்டுவது நாம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 100-க்குப் பதில் 80-இல் போனால் அடி 36 சதவீதம் குறைகிறது, 50-இல் போனால் கால் பங்குதான். எதிரே வரும் லாரி வாரியடித்த கல் என்றால் அதன் வேகமும் சேர்ந்துகொள்ளும். நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் கண்ணாடிக்கு மோசமான அடி விழுவது அதனால்தான்.

வாலாஜாபாத்–ஒரகடம் சாலை, பல்லடம் சுற்றுவட்டாரம், கேரளத்துக்கு லோடு போகும் ஆரல்வாய்மொழி வழி என்று குவாரி லாரிகள் ஓடுகிற இடங்களில் எல்லோரும் திட்டுவது தார்ப்பாய் கட்டாத டிப்பரை. திட்டு நியாயம்தான். ஆனால் தார்ப்பாய் கட்டிய டிப்பரும், லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டிப்பரும்கூடக் கல் வீசும். பின்கதவின் கீழ் விளிம்பிலும் சேஸிஸ் மேலேயும் மட்கார்டு மீதும் ஒட்டிக்கிடக்கும் ஜல்லி ஒவ்வொரு குலுக்கலுக்கும் உதிரும். இன்னொன்று, பின்னால் ஜோடியாக இருக்கும் டயர்கள். இரண்டுக்கும் நடுவே சிக்கிய கல் வேகம் கூடும்போது கழன்று பறக்கும். டிப்பர் மட்டுமில்லை, இரட்டை டயர் உள்ள எந்த லாரியும் பேருந்தும் இதைச் செய்யும்.

முன்னால் போகும் லாரிக்கும் நமக்கும் மூன்று வினாடி இடைவெளி என்பது நல்ல கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 67 மீட்டர். நம் சாலைகளில் அவ்வளவு இடம் விட்டால் நடுவில் யாராவது வந்து நுழைந்துகொள்வார்கள், அதுவும் உண்மை. அப்படியென்றால் முந்திச் செல்லுங்கள், ஆனால் பாதியில் தயங்காதீர்கள். லாரியின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் பின்தங்கி ஓட்டுவதுதான் இருக்கிற இடங்களிலேயே மோசமானது. புதிதாகத் தார் போட்டு மேலே பொடி ஜல்லி தூவிய இடத்தில் முந்தவே வேண்டாம். 40-க்கு இறங்கி, வரிசையோடு போவதே மேல். நடுத்திட்டில் புல் வெட்டும் இயந்திரம் ஓடினால் ஒரு லேன் தள்ளிப் போங்கள்.

கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது

முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி கிடையாது. ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தகடுகள், நடுவே 0.76 மில்லிமீட்டர் பிவிபி என்ற ஒட்டும் பிளாஸ்டிக் படலம், எல்லாம் சேர்ந்து ஐந்து மில்லிமீட்டர் சொச்சம். இதுதான் லேமினேட்டட் கண்ணாடி. கதவுக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பெரும்பாலும் டஃபன்ட் வகை. அடி தாங்காவிட்டால் மொத்தமாகக் கற்கண்டுத் துண்டுகளாக உதிர்ந்துவிடும், ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது. முன் கண்ணாடி உதிராது. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும் உடையும். படலமும் உள்தகடும் அப்படியே நிற்கும். ரிப்பேர் சாத்தியமாவது இந்த அமைப்பால்தான். வெளித்தகட்டுக்குள் உண்டான காற்றிடைவெளியில் ரெசின் என்ற தெளிவான திரவப் பசையை நிரப்பி, ஒளி மீண்டும் நேராகப் போகும்படியும் விரிசல் மேலே ஓடாதபடியும் செய்கிறார்கள்.

கடைகளில் காயத்துக்குச் சில பெயர்கள் உண்டு. வட்டமாகக் கூம்பு விழுந்தால் புல்ஸ்ஐ. நடுப்புள்ளியிலிருந்து கால்கள் நீண்டால் ஸ்டார். இரண்டும் கலந்தால் காம்பினேஷன். மேல்பரப்பில் பொடி மட்டும் பெயர்ந்து உள்ளே விரிசல் இல்லாவிட்டால் வெறும் பிட். புல்ஸ்ஐ சுலபமாக நிரம்பும், அவ்வளவாக ஓடாது. ஸ்டார்தான் தொல்லை. கால்களின் நுனி மயிரிழை போல மெலிந்திருப்பதால் ரெசின் கடைசிவரை போகாது. வெயிலும் குலுக்கலும் பிடித்து இழுப்பதும் அந்த நுனியைத்தான்.

கல் பட்டவுடன்

முதலில் வண்டி. பெரிய கல் பட்டுக் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை விழுந்தாலும் அது உள்ளே கொட்டாது என்பதை மனத்தில் வையுங்கள். பதறி பிரேக் போடுவதுதான் பின்னால் வருகிறவனைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆக்சிலேட்டரை விட்டு, ஹசார்டு விளக்கு போட்டு, தெளிவாகத் தெரியும் பகுதி வழியாகப் பார்த்துக்கொண்டே இடது ஓரம் ஒதுங்குங்கள். உள்பக்கம் டேஷ்போர்டில் கண்ணாடித் தூள் இருந்தால் கையால் தட்டாதீர்கள். ஏசி காற்று முகத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள், தூள் கண்ணுக்கு வரும்.

சின்னக் காயம்தான் என்றால் நிறுத்தியவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: மூடி வையுங்கள். கண்ணாடி காய்ந்திருக்கும்போதே தெளிவான செல்லோ டேப் ஒரு துண்டை அந்த இடத்தின் மேல் ஒட்டுங்கள். அதற்கு முன் தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டாம், நகத்தால் சுரண்ட வேண்டாம், வைப்பர் வாஷர் அடிக்கவே வேண்டாம். சோப்புத் தண்ணீர் விரிசலுக்குள் ஒருமுறை போய்விட்டால் ஈரம் காய்ந்தாலும் சோப்பு உள்ளேயே தங்கும். ரெசின் அங்கே பிடிக்காது. தூசியும் அப்படித்தான். அன்றே ரிப்பேர் செய்த காயம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போவதும், ஒரு மாதம் கழித்துச் செய்தது கறுத்த புள்ளியாக நிற்பதும் இந்த அழுக்கின் வித்தியாசம்தான்.

ஃபெவிகுவிக் ஊற்றுவது, நெயில் பாலிஷ் பூசுவது, பற்பசை தேய்ப்பது எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியங்கள். ஃபெவிகுவிக் வாய்ப்பகுதியிலேயே நொடியில் இறுகிவிடும். கால்களுக்குள் போகாது, போக நினைக்கும் ரெசினுக்கும் வழியை அடைத்துவிடும், சில மாதத்தில் மஞ்சளாகும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலையை முழுக் கண்ணாடி வரை இழுத்துப்போவதில் இதற்கு நிகரான வழி இல்லை.

ரிப்பேர் ஆகும்வரை கண்ணாடிக்குத் திடீர் மாற்றம் எதுவும் கொடுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் நின்ற காரின் கண்ணாடியில் கையை வைக்க முடியாது. அந்த நிலையில் ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் உள்தகடு குளிர்ந்து சுருங்கும், வெளித்தகடு விரிந்தே இருக்கும், விரிசல் கண் முன்னாலேயே ஓடும். சூடான கண்ணாடியில் குடத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் இதே கதைதான். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே காற்றழுத்தம் ஒரு தட்டுத் தட்டும். ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கி வைத்துச் சாத்துங்கள். வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. பாடி முறுக்கினால் கண்ணாடியும் சேர்ந்து முறுக்கும். இந்தச் சில நாட்களுக்காவது இரண்டு சக்கரத்தையும் நேராக ஏற்றுங்கள்.

ரிப்பேரா, மாற்றுவதா

ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் காயம் என்றால் தயங்காமல் ரிப்பேர். விரிசல் ஆறு அங்குலம் வரை ரிப்பேர் செய்யலாம் என்று பல கடைகள் சொல்லும், கருவியும் அதற்கு உண்டு. நம் வெயிலில் நீளமான விரிசலுக்கு ரெசின் ஏற்றுவது பாதிக் காசைக் கரைப்பதே என்பது என் கருத்து. நாலு அங்குலம் தாண்டிவிட்டால் மாற்றுவதற்கான கணக்கைப் போட ஆரம்பிக்கலாம்.

அளவைவிட இடம் முக்கியம். கண்ணாடியின் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விழுந்த காயம் சின்னதாக இருந்தாலும் நம்ப முடியாது. ஓரம் பாடியோடு ஒட்டியிருக்கிறது, வண்டியின் முறுக்கல் முழுக்க அங்கேதான் வருகிறது. ஓரத்தையே தொட்டுவிட்ட விரிசலுக்கு மாற்றுவது ஒன்றே வழி. உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் உள்தகடும் போயிருக்கிறது, அதற்கும் ரிப்பேர் இல்லை. காயத்தைச் சுற்றிப் பால் போல வெள்ளை படர்ந்திருந்தால் ஈரம் படலத்துக்குள் இறங்கிவிட்டது என்று பொருள், அதையும் ரெசின் சரிசெய்யாது.

அடுத்தது ஓட்டுநரின் நேர் பார்வை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ரிப்பேர் ஒரு மங்கலான தடத்தை விடும். பகலில் தெரியாது; இரவில் எதிர் வண்டியின் எல்இடி விளக்கு பட்டால் அந்த இடம் மின்னும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி வாகனத் தகுதிச் சோதனை இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. ஸ்டியரிங்குக்கு நேராக 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள், 10 மில்லிமீட்டருக்கு மேல் சேதம் இருக்கக் கூடாது. வைப்பர் துடைக்கும் மற்றப் பகுதியில் 40 மில்லிமீட்டர் வரை விடுகிறார்கள். நம் ஊரில் வலது கைப் பக்க ஸ்டியரிங்தான் என்பதால் இந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாண் ஸ்கேலும் மார்க்கரும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடியின் உச்சியில், உள் மிரருக்குப் பின்னால், ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு வசதி) கேமரா உள்ள வண்டியில் கேமரா பார்க்கும் இடத்தில் காயம் விழுந்தால் ரிப்பேர் வேண்டாம்.

ரிப்பேர் எப்படி நடக்க வேண்டும்

முழு வேலையும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். வண்டி நிழலில் நின்று கண்ணாடி ஆறியிருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியை ஓட்டி வந்தவுடன் தொடங்கினால் இரண்டு கேடு: சூட்டில் ரெசின் நீர்த்து வழியும், அழுத்தம் கொடுக்கும்போது விரிசல் ஓடும். ரெசின் இறுகுவது புறஊதா ஒளியில் என்பதால் வெயிலே அதை நேரத்துக்கு முன் இறுக்கிவிடும். வெட்டவெளியில் உட்கார்ந்து ரெசின் போடுகிறவரைக் கண்டால் அடுத்த கடை பார்ப்பது நல்லது.

முதலில் ஊசி போன்ற கம்பியால் வாயில் தளர்ந்து நிற்கும் பொடியை எடுப்பார்கள். மழைக்காலம் என்றால் ஈரத்தை விரட்ட வேண்டும். உள்பக்கத்திலிருந்து ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, பிறகு ஆறவிட வேண்டும். லைட்டர் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே புள்ளியில் அவ்வளவு சூடு கொடுத்தால் ஸ்டார் அங்கேயே நீளும். அடுத்து, உறிஞ்சு கப்பு வைத்த ஒரு தாங்கி. அதில் இன்ஜெக்டரைப் பொருத்தி, அதன் ரப்பர் நுனி காயத்தின் வாயைச் சுற்றிச் சரியாக உட்காரும்படி வைப்பார்கள். இரண்டு மூன்று துளி ரெசின் போதும். பிறகு வெற்றிடம், அழுத்தம், மீண்டும் வெற்றிடம், மீண்டும் அழுத்தம். காற்று வெளியே வந்தால்தான் ரெசின் உள்ளே போகும். ஒரே தடவை அழுத்திவிட்டு முடிப்பதுதான் பெரும்பாலான மோசமான ரிப்பேர்களுக்குக் காரணம்.

நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டிய கட்டம் இது. புறஊதா விளக்கு வைப்பதற்கு முன், வெளியிலிருந்து சாய்ந்து பாருங்கள். காலில் எங்காவது கறுப்பாகவோ வெள்ளி போல மின்னியோ கோடு தெரிந்தால் அங்கே இன்னும் காற்று இருக்கிறது. அப்போதே சொன்னால் இன்னொரு சுற்று அழுத்தலாம். விளக்கு வைத்து இறுகிவிட்டால் அதற்குமேல் அந்த இடத்தில் எதுவும் செய்ய இயலாது. நிரம்பிய பிறகு வாய்க்குழியில் கெட்டியான ரெசின் ஒரு துளி, அதன் மேல் சின்ன பிளாஸ்டிக் தாள், சில நிமிடம் விளக்கு. இறுகியதும் பிளேடை நிமிர்த்திப் பிடித்து மேடு தட்டிவிட்டு பாலிஷ் போடுவார்கள்.

ஆன்லைனில் கிடைக்கும் கிட் இதே தத்துவம்தான், சிரிஞ்சு வடிவில். சின்ன புல்ஸ்ஐக்குப் பரவாயில்லை. ஸ்டாருக்கு அதில் வரும் அழுத்தம் போதாது. அதைவிட, கிட்டால் அரைகுறையாக நிரப்பிய காயத்தைக் கடைக்காரர் தொட மாட்டார். ரிப்பேர் கடையே இல்லாத ஊரில் இருக்கிறீர்கள், காயம் வட்டமாக இருக்கிறது, ஓட்டுநர் பார்வையில் இல்லை என்றால் முயலலாம். காலை ஏழு மணிக்கு நிழலில் செய்யுங்கள்.

மாற்றும்போது பேஸ்ட்தான் வேலை

பழைய அம்பாசிடர், லாரி, பேருந்துகளில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும். இன்றைய கார்களில் எல்லாம் பேஸ்டிங் கண்ணாடி. கடைக்காரர்கள் பேஸ்ட் என்று சொல்லும் பாலியூரித்தேன் சீலன்டால் பாடியோடு ஒட்டியிருக்கும். கூரையின் உறுதியில் அதற்கும் பங்குண்டு. பல கார்களில் முன் பயணியின் ஏர்பேக் மேல்நோக்கி வெடித்துக் கண்ணாடியில் மோதித்தான் பயணி பக்கம் திரும்புகிறது. ஒட்டு சரியில்லாவிட்டால் ஏர்பேக்கே கண்ணாடியை வெளியே தள்ளிவிட்டு வீணாகும். எந்தக் கம்பெனிக் கண்ணாடி என்று சென்னையின் உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் அரை நாள் பேரம் பேசுகிறவர்கள், எந்த சீலன்டு என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கண்ணாடி வாங்கும்போது சேஸிஸ் எண் கொடுத்தே ஆர்டர் போடுங்கள். ஒரே மாடலில் மழை சென்சார் உள்ளது, இல்லாதது, மேலே பச்சைப் பட்டை உள்ளது, கேமரா தாங்கி உள்ளது, சத்தம் குறைக்கும் படலம் வைத்தது என்று பல வகை உண்டு. வேகம் போன்ற எண்களைக் கண்ணாடியிலேயே காட்டும் எச்யுடி உள்ள வண்டிக்கு அதற்கான கண்ணாடியே வேண்டும். சாதாரணக் கண்ணாடி போட்டால் எண்கள் இரட்டையாகத் தெரியும். கீழ் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும் லேமினேட்டட் என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கழற்றிய கண்ணாடி மலிவாகக் கிடைக்கும். பேஸ்ட் ஒட்டிய கண்ணாடியை அறுத்து எடுக்கையில் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சில்லு விழுந்திருந்தால், அது பொருத்திய பிறகு ஏதோ ஒரு வெயில் நாளில் தானாகவே விடும்.

வேலை இப்படிப் போக வேண்டும். வைப்பர் கை, அதன் கீழுள்ள பிளாஸ்டிக் மூடி, தேவைப்பட்டால் உள் தூண் டிரிம் எல்லாம் கழற்றி, பானெட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் துணி போட்டு மூடுவார்கள். கம்பியாலோ கத்தியாலோ பழைய பேஸ்டை அறுப்பார்கள். பழைய பேஸ்டை முழுக்கச் சுரண்டக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சமமாக விட்டு வெட்ட வேண்டும், புது பேஸ்ட் அதன் மேல்தான் நன்றாகப் பிடிக்கும். கத்தி பட்டுப் பெயின்ட் கீறிய இடத்துக்கு பிரைமர் என்ற அடிப்பூச்சு தொட்டாக வேண்டும். இதை விட்டால் இரண்டு மழைக்காலத்தில் பேஸ்டுக்கு அடியில் துரு ஏறும். வெளியே தெரியாது, கால்மிதியடி ஈரமாகும்போதுதான் தெரியும், அதற்குள் தண்ணீர் டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டி வரை போயிருக்கும்.

புதுக் கண்ணாடியின் கறுப்பு ஓரத்தைச் சுத்தம் செய்து பிரைமர் போட்டு, அது காயச் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பின் அந்த ஓரத்தில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பேஸ்ட் பிடிக்காது, கசிவு அங்கிருந்தே தொடங்கும். சீலன்டு நுனியை ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும் ஒரே கோடாக, நடுவில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தை அழுத்தி இணைக்க வேண்டும். பேஸ்ட் போட்டதும் டீ குடிக்கப் போகக் கூடாது. மேலே தோல் கட்டுவதற்குள், சில நிமிடங்களில், உறிஞ்சு கப்பு வைத்து இருவர் சேர்ந்து தூக்கிக் கண்ணாடியை உட்காரவைக்க வேண்டும். சாதாரண சிலிக்கான் குழாயை எடுத்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். அது குளியலறைக்கு ஆகும், கண்ணாடியைத் தாங்காது.

இந்த சீலன்டு காற்றின் ஈரத்தால் இறுகும் வகை. சென்னை, தூத்துக்குடிப் புழுக்கத்தில் சீக்கிரம் பிடிக்கும். ஊட்டியில் மார்கழி மாதம் என்றால் வெகு நேரம் எடுக்கும். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது சீலன்டு உறையிலேயே இருக்கும்; ஒரு மணியிலிருந்து பல மணி வரை வேறுபடும். உறையைக் காட்டச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள், ஒட்டிய டேப்பைப் பிய்க்காதீர்கள், இரண்டு நாளுக்கு பிரஷர் வாஷ் வேண்டாம். டெலிவரி எடுக்கும் முன் தோட்டக் குழாயில் மெல்லத் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு மேல் மூலைகளைப் பார்ப்பது நல்ல பழக்கம். 80 கிலோமீட்டருக்கு மேல் விசில் சத்தம் கேட்டால் ஓர மோல்டிங் சரியாக உட்காரவில்லை அல்லது பழையதையே போட்டிருக்கிறார்கள்.

எக்ஸ்யூவி 700, ஹோண்டா சிட்டி, வெர்னா, செல்டோஸ் போன்றவற்றின் ஏடாஸ் வகைகளில் கண்ணாடி மாற்றினால் கேமராவைக் காலிபரேட் செய்தே, அதாவது அதன் கோணத்தைச் சரிபார்த்துத் திருத்தியே ஆக வேண்டும். கேமரா ஒரு டிகிரி விலகினாலும் 50 மீட்டருக்கு அப்பால் அது கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும்; லேன் கோடும் முன்வண்டியும் தப்பாகத் தெரியும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வேலைக்குச் சமதளத் தரை, குறி பலகை, கம்பெனி ஸ்கேனர் வேண்டும். தெருமுனைக் கடையில் கண்ணாடி மாற்றினாலும் காலிபரேஷனுக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

இன்சூரன்ஸ் கணக்கு

தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் வராது. முழு பாலிசி இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் இல்லாவிட்டாலும் கண்ணாடி விலை முழுதாகக் கணக்கில் வரும். ரப்பர், பிளாஸ்டிக் மோல்டிங்குக்குப் பாதி. சீலன்டு, பிரைமர் போன்றவை நுகர்பொருள் என்று தள்ளப்படலாம், அதற்குத் தனி ஆட்-ஆன் உண்டு. ஒவ்வொரு கிளைமிலும் நாமே கட்டாயம் ஏற்க வேண்டிய தொகை 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000.

உண்மையான செலவு என்சிபியில், அதாவது கிளைம் போடாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடியில் இருக்கிறது. என்சிபி இல்லாமல் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் 8000 ரூபாய் வரும் வண்டி என்று வைப்போம். உங்களுக்கு 50 சதவீதம் இருந்தால் கட்டுவது 4000. கிளைம் போட்டால் அடுத்த ஆண்டு 8000, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி 50-க்குத் திரும்பும்வரை 6400, 6000, 5200, 4400. கூடுதலாகப் போவது மொத்தம் 10,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆண்டுதோறும் வண்டி மதிப்பு இறங்குவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். இப்போது கண்ணாடி 12,000, மோல்டிங் 1000, சீலன்டு 1500, கூலி 1500 என்று 16,000 ரூபாய் பில் வந்தால், ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் கையில் கிடைப்பது 13,000 அளவில் நிற்கும். 3000 ரூபாய் லாபத்துக்கு ஒரு கிளைமை வீணடிப்பதா என்று யோசிக்க வேண்டும். கிளைம் போட்டாலும் தள்ளுபடியைக் காக்கும் என்சிபி புரொடெக்ட் எடுத்திருந்தாலோ, இந்த ஆண்டு ஏற்கெனவே ஒரு கிளைம் போட்டிருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். ஏடாஸ் கண்ணாடி என்றாலும் பெரும்பாலும் போடுவதே லாபம்.

கண்ணாடி கிளைமுக்கு என்சிபி போகாது என்று ஏஜென்ட் சொன்னால் அதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பாலிசிக்குப் பாலிசி மாறும் விஷயம் அது. போடுவதென்று முடிவானால், உடைந்த கண்ணாடி வண்டியிலேயே இருக்கும்போது தகவல் சொல்லி, படமோ வீடியோவோ சர்வேயோ முடியும்வரை கழற்ற விடாதீர்கள். கல் வீசிய டிப்பர்காரரிடம் வாங்கிவிடலாம் என்ற நினைப்பைக் கைவிடலாம். எண் குறித்திருந்தாலும் அந்தக் கல் அவர் லோடிலிருந்து வந்தது என்று நிரூபிப்பதற்கு டேஷ்கேமில் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். வழக்கின் செலவு கண்ணாடி விலையைத் தாண்டும்.

கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போகும். உரித்தால் பயன்படாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுக் கண்ணாடியில் ஒட்ட முடியாது. டேக் கொடுத்த வங்கியின் செயலியில் மாற்று டேக் கேளுங்கள், அதே கணக்கில் இருப்புத் தொகை தொடரும். கண்ணாடிக்கு ஆர்டர் போடும் அன்றே கேட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாக வந்துசேரும். கையில் பிடித்துக் காட்டும் டேக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 முதல் சொல்லிவருகிறது. டேக் இல்லாமல் போனால் கூடுதல் கட்டணம். உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடு வந்த எரிபொருள் ஸ்டிக்கரும் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கும், அதையும் டீலரிடம் மறுபடி வாங்க வேண்டும். வைப்பர் ரப்பரையும் கூடவே மாற்றிவிடுங்கள்: உடைந்த கண்ணாடியின் தூள் பழைய ரப்பரில் ஒட்டியிருந்தால் முதல் மழையிலேயே புதுக் கண்ணாடியில் வில் போலக் கீறல் விழும்.